ராஜா நினைத்தால் எதுவும் நடக்குமா? – திருமலை நாயக்கரும் 72 பாளையங்களும்

1649ஆம் வருடம். உலகத்தின் மூன்று மூலைகளில் மூன்று ராஜாக்களுக்கு நேரம் சரியில்லை.

லண்டனில் ஜனவரி 30ஆம் தேதி முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை அவருடைய சொந்தக் குடிமக்களே வெட்டினார்கள். அதே ஜனவரி மாதத்தில் பாரிஸ் நகரத்தில் கலகம். பத்து வயதுப் பையனான பதினான்காம் லூயி ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டுத் தப்பி ஓட வேண்டியிருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் தெற்கே செஞ்சிக் கோட்டை பீஜப்பூர் சுல்தானின் படையிடம் விழுந்தது. அந்தப் படை அடுத்துத் தன் நாட்டுக்குள் வராமல் இருக்க, மதுரை ராஜா திருமலை நாயக்கர் கப்பம் கட்ட ஒப்புக்கொண்டார்.

முதல் இரண்டு கதைகளும் உலக வரலாற்றுப் புத்தகங்களில் 'வரம்பற்ற முடியாட்சி' என்ற தலைப்பின் கீழ் வரும். மூன்றாவது கதை அந்தத் தலைப்பின் கீழ் எங்கேயும் வராது. மதுரைக்காரர்களுக்குத் திருமலை நாயக்கர் என்றால் மகால், தெப்பக்குளம், சித்திரைத் திருவிழா. அவ்வளவுதான். அவர் நினைத்ததெல்லாம் நடந்தது, கேட்க ஆளே இல்லை என்ற எண்ணம்தான் அந்தத் தூண்களைப் பார்க்கும் எல்லோருக்கும் வருகிறது.

ஆனால் உண்மையில் அவர் எவ்வளவு பெரிய ராஜா? அவரைத் தடுக்க யாராவது இருந்தார்களா? ஐரோப்பாவில் ராஜாக்களுக்கு வரம்பு போட்டவர்கள் என்று சிலர் இருந்தார்களே, இங்கே அது யார்?

மகாலைப் பார்த்தால் தெரிவது

திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டார். அவருக்கு முன்னால் தலைநகரம் திருச்சியில் இருந்தது. அதை அவர் மதுரைக்குக் கொண்டு வந்தார். 1636இல் மகாலைக் கட்டினார். இன்றைக்கு நாம் பார்ப்பது அதில் கால் பங்குதான் என்கிறார்கள். 1995இல் வந்த 'பம்பாய்' படத்தின் பாட்டில் வருகிற அந்தப் பெரிய முற்றமும் வளைவுகளும்தான் சொர்க்க விலாசம், ராஜா தர்பார் நடத்திய இடம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபம், ஊருக்குக் கிழக்கே மாரியம்மன் தெப்பக்குளம், முடிக்காமலேயே விட்டுப்போன ராய கோபுரம் எல்லாமே அவர் காலத்து வேலைகள்.

பிரான்ஸில் பதினான்காம் லூயி 1661இல் ஆட்சியை முழுமையாகத் தன் கையில் எடுத்துக்கொண்டார். 1682இல் அரசவையை வெர்சாய் அரண்மனைக்கு மாற்றினார். 'நானே அரசு' என்று அவர் சொன்னதாக எல்லோரும் சொல்வார்கள். (அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது!) வெர்சாய்க்கு நாற்பது வருடங்களுக்கு மேல் முன்னாலேயே மதுரையில் மகால் எழுந்துவிட்டது என்பதில் மதுரைக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அரண்மனை என்பது ஒரு ராஜாவிடம் எவ்வளவு பணம் செலவானது என்பதைத்தான் காட்டும். எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதைக் காட்டாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கட்டடத்தை விட்டுவிட்டுக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். வரியை யார் வசூலிக்கிறார்கள்? அது ராஜாவிடம் வந்து சேருமுன் யார் யார் எடுத்துக்கொள்கிறார்கள்? சண்டை வந்தால் சிப்பாய் யாருடைய ஆள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்தால் ராஜாவின் உண்மையான உயரம் தெரிந்துவிடும்.

72 கொத்தளம், 72 பங்கு

மதுரை நாயக்கர் ஆட்சியைத் தொடங்கியவர் விசுவநாத நாயக்கர். 1529இல் விஜயநகரப் பேரரசின் பிரதிநிதியாக வந்தார். அவருடைய தளவாய் அரியநாத முதலியார். இருவரும் சேர்ந்து நாட்டைப் பாளையங்களாகப் பிரித்தார்கள். மொத்தம் 72 என்பது மரபான கணக்கு. மதுரைக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள், ஒவ்வொன்றையும் காப்பது ஒரு பாளையக்காரரின் பொறுப்பு.

(அந்தக் கோட்டையை 1840களையொட்டி கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து அகழியைத் தூர்த்துவிட்டார். அந்த இடத்தில்தான் இன்றைய வெளி வீதிகள் ஓடுகின்றன. பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொத்தளத்தின் மிச்சம் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேர் அதைத் திரும்பிப் பார்க்கிறார்கள்?)

இந்த ஏற்பாடு ஏன் வந்தது? விசுவநாதர் வரும்போது இங்கே நிலம் காலியாக இல்லை. தெற்கிலும் மேற்கிலும் மறவர் தலைவர்கள் ஏற்கெனவே வேரூன்றி இருந்தார்கள். வடக்கிலிருந்து படையோடு வந்த தெலுங்குத் தலைவர்களும் கன்னடத் தலைவர்களும் தங்களுக்கும் இடம் கேட்டார்கள். எல்லோரையும் அடித்து விரட்டும் அளவுக்குப் படையும் இல்லை, பணமும் இல்லை. அதனால் எல்லோரையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். 'உன் பகுதி உனக்கு, ஆனால் எனக்குக் கட்டுப்பட்டு' என்பதுதான் ஒப்பந்தம்.

ஒரு பாளையத்தின் வருமானம் மூன்றாகப் பிரியும் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஒரு பங்கு மதுரைக்குக் கப்பம். ஒரு பங்கு படை வைத்துக்கொள்ள. மீதி ஒரு பங்கு பாளையக்காரருக்கு. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். உதாரணத்துக்கு ஒரு பாளையத்தில் 300 பொன் வசூலாகிறது என்று வைத்துக்கொள்வோம். ராஜாவின் கைக்கு வருவது 100தான். அந்த 300ஐ எண்ணிப் பார்ப்பது ராஜாவின் கணக்குப்பிள்ளை அல்ல, பாளையக்காரரின் கணக்குப்பிள்ளை! அவர் 240 என்று சொன்னால் ராஜாவுக்கு 80. மொத்த வசூல் என்ன என்பதே தலைமை அலுவலகத்துக்குத் தெரியாத ஒரு கம்பெனியை நினைத்துப் பாருங்கள்.

படையும் அப்படித்தான். சிப்பாய்க்குச் சோறு போடுவது பாளையக்காரர். அவன் ஊரும் பாளையத்தில். ராஜா கூப்பிட்டால் பாளையக்காரர் அழைத்து வருவார். பாளையக்காரருக்கும் ராஜாவுக்குமே சண்டை என்றால் அந்தச் சிப்பாய் எந்தப் பக்கம் நிற்பான் என்பதில் சந்தேகமே இல்லை. ஊர்க்காவலும் பாளையக்காரர் கையில்தான். காவல் வரியை வாங்கிக்கொண்டு திருட்டுப் போனால் பொருளை மீட்டுத் தருவதோ ஈடு கட்டுவதோ அவர் பொறுப்பு. ஆக, ஒரு குடியானவனுக்கு அரசாங்கம் என்றாலே பாளையக்காரர்தான். மதுரை ராஜாவைத் திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்திருந்தால் உண்டு.

மொத்தத்தில் மதுரை ராஜாவை நாட்டின் முழு உரிமையாளர் என்பதைவிட, 72 பங்காளிகளில் பெரிய பங்காளி என்று சொல்வதுதான் பொருத்தம்.

மேலேயும் ஒருவர்

கீழே 72 பேர் என்றால், மேலேயும் ஒருவர் இருந்தார். நாயக்கர்கள் விஜயநகர ராயரின் பிரதிநிதிகள். பழைய ஏடுகளில் அவர்களைக் 'கர்த்தாக்கள்' என்றுதான் குறிப்பிடுகிறார்கள். 1565 தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் நொறுங்கிய பிறகும், ராயர்கள் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று இடம் மாறிக்கொண்டிருந்த போதும், நாயக்கர்கள் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் ராயர் பெயரைப் போடுவதை உடனே விட்டுவிடவில்லை. கப்பத்தை மட்டும் அவ்வப்போது 'மறந்தார்கள்'. (தங்களுக்குப் பாளையக்காரர்கள் செய்ததையே ராயருக்கு இவர்கள் செய்தார்கள்!)

1642இல் மூன்றாம் ஸ்ரீரங்கர் ராயர் ஆனார். இவர் கொஞ்சம் துடிப்பானவர். நாயக்கர்களை மறுபடி அடக்கி, கப்பத்தை ஒழுங்காக வாங்க நினைத்தார். திருமலை நாயக்கர் செஞ்சி, தஞ்சாவூர் நாயக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து எதிர்த்தார். தஞ்சாவூர் காலை வாரிவிட்டது. உடனே திருமலை நாயக்கர் ஒரு காரியம் செய்தார். ராயரை வடக்கேயிருந்து தாக்கும்படி கோல்கொண்டா சுல்தானைத் தூண்டிவிட்டார்.

கோல்கொண்டா வந்தது, ராயர் தோற்றார். ஆனால் வந்த படை திரும்பிப் போகவில்லை. தெற்கே செஞ்சி மேல் பாய்ந்தது. பதறிப்போன திருமலை நாயக்கர் கோல்கொண்டாவுக்கு எதிராகப் பீஜப்பூர் சுல்தானின் உதவியைக் கேட்டார். வந்த பீஜப்பூர் படை கோல்கொண்டாவோடு சமாதானம் பேசிக்கொண்டது. செஞ்சி பீஜப்பூருக்குப் போனது. தஞ்சாவூரும் மதுரையும் கப்பம் கட்டின. ஸ்ரீரங்கர் கடைசியில் மைசூர்ப் பக்கம் அடைக்கலம் தேடிப் போனார்.

பலமில்லாத ஒரு மேலதிகாரிக்குக் கப்பம் கட்டப் பிடிக்காமல், பலமான ஒருவருக்குக் கப்பம் கட்டும் நிலைமையைத் தாமே வரவழைத்துக்கொண்டார் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். மூன்று நாயக்கர்களும் ஒரு ராயரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்படி உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு இடமே இல்லை என்பதுதான் விஷயம்.

சேதுபதி கொடுத்த கடன்

திருமலை நாயக்கரின் அதிகாரம் எவ்வளவு என்பதைச் சரியாகக் காட்டும் கதை ராமநாதபுரத்தில் இருக்கிறது.

1639ஐ ஒட்டி சேதுபதி சடைக்கன் மதுரைக்கு அடங்க மறுத்தார். திருமலை நாயக்கர் தளபதி ராமப்பையனை அனுப்பினார். இந்தச் சண்டையைப் பற்றித்தான் 'இராமப்பய்யன் அம்மானை' என்ற கதைப்பாடல் பேசுகிறது. சேதுபதி ராமேஸ்வரம் தீவுக்குள் போய்விட்டார். மதுரைக்குக் கப்பல் படை கிடையாது. கடலைத் தாண்டப் போர்ச்சுகீசியர்களின் உதவி தேவைப்பட்டது. ஒருவழியாகச் சேதுபதியைப் பிடித்து மதுரையில் சிறை வைத்தார்கள்.

ஜெயித்தாயிற்று அல்லவா? இல்லை! சேதுபதி இல்லாத சேது நாட்டில் ஒழுங்கு குலைந்தது. ராமேஸ்வரத்துக்குப் போகும் யாத்ரீகர்களுக்கே பாதுகாப்பு இல்லாமல் போனது. அந்த நாட்டை நேரடியாக ஆள மதுரையிடம் ஆளும் இல்லை, அமைப்பும் இல்லை. கடைசியில் சிறை வைத்தவரையே விடுதலை செய்து திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஒரு ராஜா தன் எதிரியைத் தோற்கடிக்க முடிகிறது, ஆனால் அவர் இல்லாமல் நாட்டை நடத்த முடியவில்லை. வரம்பு என்பது இதுதான்.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். 1656 வாக்கில் மைசூர் ராஜா கண்டீரவ நரசராஜரின் படை மதுரை நாட்டுக்குள் புகுந்தது. சிக்கியவர்களின் மூக்கை அறுத்துக் கொண்டு போனார்கள். ஜெசூட் பாதிரியார்களின் கடிதங்களில் இந்தக் கொடுமை பதிவாகியிருக்கிறது. 'மூக்கறுப்புப் போர்' என்றே பெயர். திருமலை நாயக்கருக்கு அப்போது வயதாகிவிட்டது, உடம்பும் முடியவில்லை. உதவி கேட்டு ஆள் அனுப்பியது யாருக்கு? சேதுபதிக்கு! ரகுநாத சேதுபதி பெரும் படையோடு வந்து மைசூர்க்காரர்களை விரட்டினார். பிறகு மதுரைப் படை மைசூர் எல்லைக்குள் போய் அதே மூக்கறுப்பைத் திருப்பிச் செய்தது.

நன்றிக்குத் திருமலை நாயக்கர் என்ன கொடுத்தார் தெரியுமா? 'திருமலை சேதுபதி' என்று தன் பெயரையே பட்டமாகக் கொடுத்தார். மதுரையில் போலவே ராமநாதபுரத்திலும் நவராத்திரி விழாவை ராஜ மரியாதையோடு நடத்த உரிமை கொடுத்தார். கட்ட வேண்டிய கப்பத்தையும் தள்ளுபடி செய்தார்.

இதை வரவு செலவாகப் பாருங்கள். ராஜா ஒரு சண்டையில் பிழைத்தார். அதற்கு விலையாக நிரந்தர வருமானம் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சண்டை அன்றோடு முடிந்தது. தள்ளுபடியான கப்பமோ அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வருடக் கணக்கிலும் குறையும். ஐம்பது வருடத்துக்குள் இதன் முடிவு தெரிந்துவிட்டது. கிழவன் சேதுபதி மதுரைக்கு அடங்காமல் தனி ராஜாவாகவே நடந்துகொண்டார். 1702இல் ராணி மங்கம்மாள் அனுப்பிய படை தோற்றது, அதன் தளவாய் நரசப்பய்யா களத்திலேயே இறந்தார்.

செங்கோல் யாருடையது?

ஐரோப்பிய ராஜாக்கள் 'எங்கள் அதிகாரம் கடவுள் கொடுத்தது, அவருக்கு மட்டும்தான் பதில் சொல்வோம்' என்றார்கள். முதலாம் சார்லஸ் விசாரணை மன்றத்தில் நின்றபோதுகூட 'ராஜாவை விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை' என்றுதான் வாதாடினார்.

மதுரையில் கதையே வேறு. இங்கே ஆள்வது அம்மன். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடக்கிறது, செங்கோல் கொடுக்கப்படுகிறது. ஆவணியில் சுந்தரேஸ்வரருக்குப் பட்டாபிஷேகம். வருடத்தில் நாலு மாதம் அம்மன் ஆட்சி, எட்டு மாதம் சுவாமி ஆட்சி என்பது இன்றும் ஊர் நம்பிக்கை. அப்படியென்றால் மகாலில் உட்கார்ந்திருப்பவர் யார்? அவர்களின் சேவகர்!

இது ராஜாவுக்குப் பலமும்தான், கட்டும்தான். சைவர்களின் மீனாட்சி கல்யாணத்தையும் வைணவர்களின் அழகர் விழாவையும் ஒரே மாதத்தில் இணைத்தது திருமலை நாயக்கர் என்று சொல்வார்கள். அந்த ஒரு ஏற்பாட்டால் சுற்றுப்பட்டுக் கிராமங்கள் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை தலைநகரத்துக்கு வந்து கூடின. படையால் செய்ய முடியாததைத் திருவிழா செய்தது. ஆனால் அதற்குப் பிறகு கோயிலுக்கு நிலமும் பொன்னும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுத்ததைத் திரும்ப எடுக்க எந்த ராஜாவும் துணிய மாட்டார்.

திருமலை நாயக்கரின் மரணத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. பாதிரியார்களிடம் அதிகம் நெருங்கியதால் கோயில் பட்டர்கள் கோபம் கொண்டு, பாதாள அறை ஒன்றுக்குள் அவரைக் கூட்டிப் போய்க் கல்லைப் போட்டு மூடிவிட்டார்களாம். இதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை. மீனாட்சிக்கு இவ்வளவு செய்தவர் மதம் மாறப் போனார் என்பதும் நம்பும்படி இல்லை. ஆனாலும் இப்படி ஒரு கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டது என்பதே முக்கியம். 'எவ்வளவு பெரிய ராஜாவாக இருந்தாலும் கோயிலை மீறினால் அவ்வளவுதான்' என்று ஜனங்கள் நினைத்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

அங்கே மட்டும் என்ன வாழ்ந்தது?

சரி, 'வரம்பற்ற' என்று பெயர் வாங்கிய பதினான்காம் லூயியாவது எல்லாவற்றையும் மீறி ஆண்டாரா? அவருக்கும் பாளையக்காரர்கள் இருந்தார்கள், பெயர்தான் வேறு. பிரான்ஸில் பிரபுக்களும் பாதிரிகளும் முக்கியமான நேரடி வரியிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். அரசுப் பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன. வாங்கியவர் அதைச் சொத்தாக நினைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தார். அவரை ராஜாவால் சுலபமாக நீக்க முடியாது. மறைமுக வரிகளைக் குத்தகைக்காரர்கள் வசூலித்தார்கள். ராஜாவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, மீதியைத் தங்கள் பையில் போட்டுக்கொண்டார்கள். மாகாண நீதிமன்றங்கள் பதிவு செய்தால்தான் சட்டம் சட்டமாகும். லூயி பிரபுக்களை வெர்சாய்க்கு வரவழைத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டது அவர்களை அடக்கத்தான். ஆனால் அவர்களுடைய வரி விலக்கில் அவரால் பெரிதாகக் கை வைக்க முடியவில்லை. 1695லும் 1710லும் எல்லோருக்கும் பொதுவான வரி போட்டுப் பார்த்தார். செல்வாக்குள்ளவர்கள் ஒவ்வொருவராக நழுவிக்கொண்டார்கள். 1715இல் அவர் இறந்தபோது நாடு பெரும் கடனில் இருந்தது.

இங்கிலாந்தில் வேறு வழி. அங்கே வரிக்கு நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டும். முதலாம் சார்லஸ் 1629 முதல் 11 வருடம் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலேயே ஓட்டினார். பழைய 'கப்பல் வரி'யைத் தூசு தட்டி எடுத்து, கடற்கரை இல்லாத ஊர்களிலும் வசூலித்தார். ஸ்காட்லாந்தோடு சண்டை வந்ததும் பணம் போதவில்லை. 1640இல் நாடாளுமன்றத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. அது உள்நாட்டுப் போரில் போய் 1649இல் அவர் தலையோடு முடிந்தது. 1689 உரிமைச் சட்டம் 'நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் வரி கிடையாது' என்று எழுதியே வைத்துவிட்டது.

இதில்தான் ஒரு வேடிக்கை. வரம்பு போடப்பட்ட இங்கிலாந்து அரசாங்கத்துக்குப் பணம் குறையவில்லை, கூடியது! வரி போடும்போது சம்மதித்தவர்களே வரி கட்டினார்கள். கடன் கொடுத்தவர்களுக்கு, ராஜா ஏமாற்ற முடியாது, நாடாளுமன்றம் பொறுப்பு என்ற நம்பிக்கை வந்தது. 1694இல் இங்கிலாந்து வங்கி தொடங்கியது. 'வரம்பற்ற' பிரான்ஸ் ராஜாவோ அதிக வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டே போய், 1614க்குப் பிறகு 175 வருடம் கூட்டாத பிரதிநிதிகள் சபையை 1789இல் வேறு வழியில்லாமல் கூட்டினார். அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

குறை எங்கே?

ஆக, மதுரை ராஜாவுக்கும் வரம்பு இருந்தது, லண்டன் ராஜாவுக்கும் வரம்பு இருந்தது. உண்மையைச் சொன்னால் மதுரை ராஜாவுக்குத்தான் அதிகம். பிறகு ஏன் அங்கே அது மக்களாட்சிக்கு வழிவிட்டது, இங்கே விடவில்லை?

இங்கே இருந்த வரம்பு எல்லாம் தனித்தனி பேரம். சேதுபதிக்கு ஒரு பேரம், கன்னிவாடிக்கு ஒன்று, எட்டயபுரத்துக்கு ஒன்று. 72 பேரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து 'இந்த வருடம் கப்பம் இவ்வளவு, இந்தச் சண்டைக்குச் சம்மதம், அந்தச் சண்டைக்குச் சம்மதமில்லை' என்று ராஜாவிடம் எழுதி வாங்கியதே இல்லை. ஒருவருக்குக் கப்பம் தள்ளுபடி என்றால் அது அவருடைய தனி வெற்றி, அடுத்தவருக்கு அதில் பங்கில்லை. அதனால் ராஜா பலவீனமானார், ஆனால் அவருக்குப் பதிலாகப் பலமான வேறு ஒன்று உருவாகவில்லை.

விளைவு என்ன? திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் காலத்தில் தலைநகரம் மறுபடி திருச்சிக்குப் போனது. மகாலின் பெரும்பகுதியைப் பெயர்த்து அங்கே கொண்டு போனார் என்கிறார்கள். அதே சொக்கநாதரை ருஸ்தம் கான் என்ற குதிரைப்படைத் தலைவன் திருச்சிக் கோட்டைக்குள்ளேயே சுமார் 2 வருடம் கைதி போல வைத்திருந்தான். 1736இல் சந்தா சாகிப் கடைசி நாயக்க ராணி மீனாட்சியை ஏமாற்றிக் கோட்டையைப் பிடித்தபோது நாயக்கர் ஆட்சியே முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பாளையக்காரர்களின் முறை வந்தது. கும்பினியார் கேட்டதும் கப்பம்தான். ஆனால் கும்பினியிடம் பாளையக்காரரை நம்பி நிற்காத சம்பளப் படை இருந்தது, சொந்தக் கணக்குப் புத்தகமும் இருந்தது. 1750களில் பூலித்தேவர் மேற்குப் பாளையங்களைச் சேர்க்கப் பார்த்தார், எல்லோரும் சேரவில்லை. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் தூக்கிலிடப்பட்டபோது மற்ற பாளையக்காரர்களை வரவழைத்துப் பார்க்க வைத்தார்கள். 1801இல் மருது சகோதரர்கள் எல்லோரையும் ஒன்று சேரச் சொல்லி அறிக்கை விட்டார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ரொம்பத் தாமதம். அந்த வருடமே அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். 1803இல் மிச்சமிருந்த பாளையக்காரர்கள் ஜமீன்தார்களாக மாறினார்கள். அந்த ஜமீன்களையும் 1948ஆம் வருடச் சட்டம் ஒழித்தது.

தனித்தனியாகப் பேரம் பேசிப் பழகியவர்களைத் தனித்தனியாகவே உடைத்தார்கள் என்பதுதான் இந்த இருநூற்றெழுபது வருடக் கதையின் சுருக்கம்.

பில் யாருக்கு?

எல்லாம் சரி, ராஜாவுக்கு வரம்பு இருந்ததால் குடியானவனுக்கு ஏதாவது நல்லது நடந்ததா? அதுதான் இல்லை. ராஜா கேட்டாலும், பாளையக்காரர் கேட்டாலும், பீஜப்பூர் கேட்டாலும் கடைசியில் நெல் போனது ஒரே களத்துமேட்டிலிருந்துதான். மூக்கறுப்புப் போரில் மூக்கை இழந்தது மைசூர் ராஜாவும் இல்லை, மதுரை ராஜாவும் இல்லை. பிரான்ஸிலும் பிரபுக்கள் தங்களுக்கு வரி விலக்கு வாங்கியபோது அந்தப் பாரம் விவசாயியின் முதுகில்தான் ஏறியது. இங்கிலாந்து நாடாளுமன்றத்திலும் அன்றைக்கு உட்கார்ந்திருந்தது நிலமும் பணமும் உள்ளவர்கள்தான்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக எழுதி வைத்த வரம்பில், நாளைக்கு வெளியே நிற்பவனும் உள்ளே வந்து 'எனக்கும் இது பொருந்தும்' என்று கேட்க முடியும். நூற்றாண்டுகள் கழித்தாவது கேட்டார்கள். ரகசியமாகப் பேசி வாங்கிய சலுகையில் மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லை.

அதிகாரத்தில் இருப்பவரைப் பற்றிப் பேசும்போது 'அவர் நினைத்தால் எதுவும் நடக்கும்' என்று இன்றைக்கும் சொல்கிறோம். அவரிடம் தனியாகப் போய்த் தன் காரியத்தை மட்டும் முடித்துக்கொண்டு வருவதைக் கெட்டிக்காரத்தனம் என்றும் சொல்கிறோம். 72 பேரும் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் செய்தார்கள்.

அடுத்த முறை மகாலுக்குப் போகும்போது அந்தத் தூண்களை அண்ணாந்து பாருங்கள், தப்பில்லை, அழகுதான். திரும்பி வரும் வழியில் பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கொத்தளத்தின் மிச்சத்தையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மகால் ராஜாவின் பெருமையைச் சொல்லும். அவர் எங்கே நிறுத்தப்பட்டார் என்பதைச் சொல்வது இதுதான்.